வெயிலில் கழற்றிய தொப்பி

சேசு மரி சூசை

செஞ்சி,
1946 ஜூலை

அன்பு மகன் செபாஸ்தியானுக்கு, அம்மா அமலோற்பவம் உன்னைத் தேவமாதாவின் காலடியில் வைத்து ஆசீர்வதித்து எழுதுவது. நீயும் நான் இன்னும் முகம் பார்க்காத மருமகள் ரோஸ்மேரியும் உடம்புக்குச் சுகமாக இருக்கிறீர்களா. இங்கே நைனா இருக்கிறார், நான் இருக்கிறேன், உன் தங்கை ராயம்மாளும் அவள் பெற்ற ஆண்பிள்ளையும் சுகமாக இருக்கிறார்கள். எல்லோரும் சுகம் என்று ஒரே வரியில் எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. மேலே விலாசம் மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். உன் கடிதம் பழைய விலாசத்துக்குப் போய், தபால்காரர் விசாரித்து இங்கே கோயிலுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். நாலு வருஷமாக மலாயாவிலிருந்து ஒரு எழுத்துக்கூட இல்லை. சயாமில் ரயில் பாதை போட நம் ஜனங்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள், போனவர்கள் காட்டிலேயே செத்தார்கள் என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். உனக்காக அந்தோணியாரிடம் நான் மன்றாடாத செவ்வாய்க்கிழமை கிடையாது. உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமலே உட்கார்ந்து அழுதேன். பிறகு நைனாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். ஜப்பான்காரன் காவல் நிற்கும் இடத்தைத் தாண்டும்போது தொப்பியைக் கழற்றிக் குனிய வேண்டும், நினைவில்லாமல் நடந்துபோன உன்னைக் கன்னத்தில் அறைந்து வெயிலில் நிற்கவைத்தான் என்று எழுதியிருந்தாயே, அந்த இடம் வந்ததும் உன் நைனா, "இன்னொரு தபா படி" என்றார். படித்தேன். எழுந்து வெளியே போய்விட்டார். கடைசியில் தம்பி இப்போது என்ன செய்கிறான், என்னை விட உயரமாகிவிட்டானா என்று கேட்டிருந்தாய். அதைத்தான் எழுத வேண்டும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயந்து பயந்து படிக்க வேண்டாம். நம் பால்சாமி வைகாசி மாதம் கர்த்தரிடம் போய்விட்டான். மருமகள் பக்கத்தில் இருந்தால் அவளையும் உட்காரச் சொல். தனியாகப் படிக்காதே.

நீ கப்பல் ஏறியபோது அவனுக்கு மீசைகூட இல்லை. நீ போய் இரண்டு வருஷம் கழித்துத் திண்டிவனத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள், எங்களிடம் சொல்லாமலே போய்ப் பெயர் கொடுத்துவிட்டான். துப்பாக்கி பிடிக்கிற பட்டாளம் இல்லை, அசாம் மலையில் பாறையை உடைத்து ரோடு போடுகிற பட்டாளம். அங்கே ஒருநாள் பாறைக்கு வைத்த வெடி நேரத்துக்கு முன்னால் வெடித்துவிட்டது. கூட நின்றவர்கள் இறந்துபோனார்கள். இவனுக்கு உச்சந்தலைக்கு வலது பக்கம் என் உள்ளங்கை அகலத்துக்கு மண்டை ஓடு போய்விட்டது. கல் சில்லு ஒன்று உள்ளேயே தங்கிவிட்டது, அதை எடுத்தால் பிழைக்க மாட்டான் என்று பெங்களூர் மிலிட்டரி ஆஸ்பத்திரியில் அப்படியே விட்டுத் தோலை மட்டும் இழுத்துத் தைத்திருந்தார்கள். மாசி மாதம் வந்து சேர்ந்தான். உன்னைவிட உயரம்தான். தலையில் காக்கித் தொப்பி, ஒரு பக்கம் விளிம்பை மேலே மடித்துப் பொத்தான் போட்டது, உள்ளே பஞ்சு வைத்து ஆஸ்பத்திரியிலேயே தைத்துக் கொடுத்தது. வெயில் படக்கூடாது, தலையில் ஒரு தட்டுக்கூடப் படக்கூடாது, சுமை தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். துண்டைச் சுற்றிக் கட்டிக்கொள்ளேன் என்று உன் நைனா சொல்லிப் பார்த்தார், அந்த இறுக்கம் அவனுக்குத் தாங்கவில்லை. வந்த அன்றைக்குச் சோற்றுக்கு முன்னால் தொப்பியோடே உட்கார்ந்தான். எனக்கு ஒன்றும் தெரியாது. சாப்பிடும்போதாவது அதை எடுத்து வையப்பா என்றேன். "மொதல்ல நீ சாப்புடு, அப்புறம் எடுக்கறேன். பாத்துட்டேன்னா உனக்குச் சோறு எறங்காது" என்றான். நான் கேட்காமல் எடுக்கவைத்தேன், அவன் சொன்னபடியே ஆயிற்று. அந்த இடத்தில் எலும்பு இல்லாமல் தோல் உள்வாங்கி, அவன் பேசப் பேச லேசாக ஏறி இறங்கியது. நான் கையை நீட்டிக்கொண்டு போனேன், தொடப் பயந்து பாதியில் நிறுத்திவிட்டேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனோம். எல்லா ஆண்களையும் போல வாசலிலேயே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஆண்கள் பக்கம் போய் முழங்காலில் நின்றான். பின்னால் இருந்த பிள்ளைகள் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்துவிட்டார்கள். உபதேசியார் வந்து காதில், போட்டுக்கொள் தம்பி என்றார். போட்டுக்கொண்டான். உடனே இரண்டு வரிசை தள்ளி ஒருவர், நற்கருணைக்கு முன்னால் தொப்பியா, பட்டாளத்துக்குப் போய் வந்தால் இதுகூடவா மறந்துபோகும் என்று முணுமுணுத்தார். பூசை முடிந்ததும் சாமியார் அவனைக் கூப்பிட்டு, "உன் தலை எப்படி இருக்குதுன்னு ஆண்டவருக்குத் தெரியும். நீ போட்டுக்கினே வா" என்று சொன்னார். அவனுக்கு மனம் ஒப்பவில்லை. "சாமி எனக்குச் சொல்லிட்டாரு. பாக்கறவங்க ஒவ்வொருத்தருக்கும் யாரும்மா போய்ச் சொல்றது. எனக்குந்தான் உள்ள தொப்பியோட நிக்கக் கூசுது" என்றான். அடுத்த வாரத்திலிருந்து பெண்கள் பக்கம் கடைசி வாசல் ஓரமாக என்னோடு நின்றுகொண்டான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வான். நான் முக்காடு போட்டிருந்த முந்தானையை இன்னும் கொஞ்சம் இழுத்து அவன் தலை மேலும் போடுவேன். அவ்வளவு உயரமான பிள்ளை, என் முந்தானை எட்ட வேண்டுமே என்று சாமியார் நற்கருணையை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றம் முடியும்வரை முழங்காலிலேயே இருப்பான். என் தோளில் அவன் மூச்சு படும். நம் தெருப் பெண்கள் திரும்பிப் பார்க்காமல் இருந்தார்கள், அந்தப் புண்ணியம் அவர்களுக்கு உண்டு.

கோயில் காரியம் அப்படி ஒழுங்காயிற்று. பெரிய தெருதான் ஒழுங்காகவில்லை. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நம் தெருவிலிருந்து செஞ்சிக்குப் போகும் ரோட்டைப் பிடிக்க நேர் வழி அந்தத் தெருதான். உன் நைனா பிறந்த நாளிலிருந்து அந்தத் தெரு முனையில் தலைத் துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நடந்தார், நீயும் அப்படித்தான் நடந்தாய். நீ கப்பல் ஏறப் போன அன்றைக்குக்கூடப் புதுத் துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு போனது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பால்சாமி வீம்பு பிடித்தான் என்று உனக்கு யாராவது எழுதினால் நம்பாதே. அவனுக்குச் சண்டை வேண்டியிருக்கவில்லை. "வெடிச் சத்தமே போதும்மா, நான் ஏரிக்கரைமேல சுத்திப் போறேன்" என்று எப்போதும் ஏரியைச் சுற்றித்தான் போய்வருவான். போவதற்கும் வருவதற்கும் வீணாக அலைச்சல். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அந்தத் தெருக்காரர்களுக்கும் தெரியும், தொப்பி போட்டவன் ஏரிக்கரையில் போகிறான், நம் தெருவுக்குள் வரவில்லை என்று அவர்களும் விட்டிருந்தார்கள்.

வைகாசியில் ராயம்மாளுக்கு வலி எடுத்தது. அவள் புருஷன் நெல்லிக்குப்பம் ஆலை வேலைக்குப் போயிருந்தார். நைனா ஏற்றம் இறைக்கப் போயிருந்தார். நம் தெரு மருத்துவச்சி கைவைத்துப் பார்த்துவிட்டு, குழந்தை காலைக் கொடுத்துக்கொண்டு வருகிறது, என்னால் ஆகாது, செஞ்சி ஆஸ்பத்திரி நர்ஸம்மாவை உடனே அழைத்து வரச்சொல் என்று கையைக் கழுவிவிட்டாள். உள்ளே அவள் கத்துகிறாள். நான் யாரை அனுப்புவது. பால்சாமி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். "இருங்க, நான் இட்டாரேன்" என்று கிளம்பினான். உச்சி வெயில். ஏரியைச் சுற்றிப் போனால் நேரமாகும். நான் அவனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான். "குறுக்கால போய்க்கறேம்மா, தெரு முனையில தொப்பிய எடுத்துடறேன்" என்றான். சரி என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்ய முடியும், நீயே சொல்.

பிறகு நடந்ததை ரத்தினம்மாள் சொன்னாள். மணியக்காரர் வீட்டு மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளுகிறாளே, அவள்தான். சொன்னபடி தெரு முனையிலேயே தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்திருக்கிறான். மணியக்காரர் தாண்டவராயர் வீட்டுக்கு நேராகத் தலையாரி பொன்னுசாமி அவனை மறித்தான். "இன்னாடா, பட்டாளத்துத் தொரை, இத்தினி நாளா ஊருக்குள்ள தொப்பி மாட்டிக்கினு திரியற, இன்னிக்குத்தான் இந்தத் தெரு கண்ணுக்குத் தெரிஞ்சிதா" என்றான். இவன், "எடுத்துட்டுத்தான் வரேன்ணா. தங்கச்சிக்கு முடியல. நர்ஸம்மாவ இட்டாரப் போறேன், உடுங்க" என்றிருக்கிறான். அதற்குப் பொன்னுசாமி, "ஐயா சாப்புட்டுக்கினு இருக்காரு. வந்து ஒரு வார்த்த கேக்கட்டும், அதுவரிக்கும் நில்லு" என்று தொப்பியைப் பிடுங்கித் தன் கையில் வைத்துக்கொண்டு நிழலில் போய் உட்கார்ந்துவிட்டான். இவன் நடுத்தெருவில் வெறுந்தலையோடு நின்றான். கையை மேலே தூக்கி அந்தப் பள்ளத்தை மூடிக்கொள்ளப் பார்த்திருக்கிறான். "கைய எறக்குடா" என்றானாம். இறக்கிவிட்டான். தங்கச்சி செத்துப்போய்விடுவாள் என்று மறுபடியும் மறுபடியும் கெஞ்சினான் என்று ரத்தினம்மாள் சொன்னாள். தண்ணீராவது கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று இரண்டு தடவை எழுந்தாளாம், தைரியம் வரவில்லை என்று என் முன்னால் தலையில் அடித்துக்கொண்டாள். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அப்புறம் அவன் படுக்கையில் கிடந்தபோது, நினைவு தெளிந்த வேளையில் நான் அவனைக் கேட்டேன், தொப்பி போனால் போகிறது என்று ஓடியிருக்கலாமே என்று. "ஓடினா பின்னாலயே வந்து அடிப்பாங்கம்மா. தலையில ஒரு அடி வுழுந்தா நானும் போவேன், நர்ஸம்மாவும் வர மாட்டாங்க, அவளும் போவா. அதான் நின்னுட்டேன்" என்றான். அந்த நேரத்திலும் அவ்வளவு யோசித்திருக்கிறான். தாண்டவராயர் சாப்பிட்டு, கை கழுவி, வெற்றிலை போட்டுக்கொண்டு சாவகாசமாக வெளியே வந்தார். தெரு முறை என்ன என்று ஏதோ கேட்க வாயைத் திறந்தவர், இவன் கும்பிட்டுக் குனிந்தபோது அந்த இடத்தைப் பார்த்துவிட்டார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போ, போ, குடுத்தனுப்புடா" என்று உள்ளே போய்விட்டார். அதற்கு முன்னால் அவர் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் விட்டிருப்பாரோ என்னவோ, அதை நினைத்துப் பார்க்கக்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

தொப்பியை வாங்கிக்கொண்டு செஞ்சிக்கு ஓடினான். நர்ஸம்மா நல்லவர், அவன் முகத்தைப் பார்த்ததும் பையை எடுத்துக்கொண்டு வண்டி ஏறிவிட்டார். அவர் வந்து, குழந்தையைத் திருப்பி, இரண்டு உயிரையும் காப்பாற்றிக் கொடுத்தார். பால்சாமியிடம் சொல்ல வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், தொப்பி தலையில்தான் இருந்தது, வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. உள்ளே தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைத்தோம். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. நர்ஸம்மா பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார், கடலூருக்குக் கொண்டுபோனாலும் வழியில் தாங்காது என்றார். சாமியார் வந்து எண்ணெய் பூசிக் கடைசி அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார். நடுவில் ஒருமுறை அவனுக்கு நன்றாக நினைவு வந்தது. பாப்பாவைக் காட்டு என்றான். துணியில் சுற்றிக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். அதன் முகத்தைப் பார்க்கவில்லை. "தலை முழுசா இருக்குதாம்மா" என்று கேட்டான். இருக்குது ராசா என்றேன். தடவிப் பார்க்கக் கையைத் தூக்கப் பார்த்தான், கை வரவில்லை, நான் பிடித்து வைத்தேன். மூன்றாம் நாள் விடியும்போது மூச்சு நின்றுவிட்டது.

தாண்டவராயர் ஆள் மூலம் ஒரு மூட்டை நெல் அனுப்பினார், பிரேதத்தை வழக்கம்போல ஏரிக்கரை வழியாகவே எடுத்துப்போகச் சொல்லி ஒரு சொல்லும் அனுப்பினார். உன் நைனா அந்த ஆளிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. "நெல்ல எடுத்துக்கினு போப்பா" என்றார், அவ்வளவுதான். பிறகு சாமியாரிடம் போய், "சாமி, எம்புள்ள இத்தினி நாளும் சுத்தியே போயிட்டான். இன்னிக்கு நேரா போவட்டும்" என்றார். சாமியார் பயந்தார் என்று எனக்குத் தெரிந்தது, கலகம் வந்தால் நம் தெருவையே கொளுத்திவிடுவார்களே. ஆனாலும் உபதேசியார் கையிலிருந்த சிலுவையைத் தானே வாங்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். தளவானூரிலிருந்து பால்சாமியோடு பட்டாளத்தில் இருந்த இரண்டு பிள்ளைகள் பழைய உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள், அவர்களும் தோள் கொடுத்தார்கள். பெரிய தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். யாரும் மறிக்கவில்லை. உன் நைனா பெட்டிக்குப் பின்னால் தலைத் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நடந்தார். பார்த்தவர்கள் என்ன நினைத்துக்கொண்டார்களோ, மகன் செத்த அன்றைக்கும் இவனுக்கு முறை மறக்கவில்லை என்று நினைத்திருப்பார்கள். நான் பின்னாலேயே போனேன், எனக்குத் தெரியும். அன்றைக்கு அவர் தலையைத் திறந்தது பெற்ற பிள்ளைக்காக, சிலுவைக்காக. கல்லறையில் செபம் முடிகிறவரை அந்த இரண்டு பிள்ளைகளும் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்திருந்தார்கள். மண் போட்டதும் திரும்பவும் தலையில் வைத்துக்கொண்டார்கள். இதென்ன மரியாதை, மண் காயவில்லை அதற்குள்ளா என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு இருவரும் விறைத்து நின்று சலாம் வைத்தார்கள். அதில் ஒருவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வெறுந்தலையோட சலாம் வெக்கக்கூடாதும்மா, அது எங்க முறை" என்றான். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது. அதுவரை கண்ணில் தண்ணீர் இல்லை.

திரும்பி வரும்போது உன் நைனா கல்லறை வாசலில் நின்று, கையிலிருந்த துண்டை உதறித் தலையில் சுற்றிக் கட்டினார். அப்படியே பெரிய தெரு வழியாக நடந்தார். நான் இரண்டு அடி பின்னால் நடந்தேன். பொன்னுசாமி எழுந்து நின்றான், வழி மறிக்கவில்லை. மறுநாளிலிருந்து எந்தக் கழனிக்கும் நைனாவைக் கூப்பிடவில்லை. சாமியார் கலெக்டருக்கும் பட்டாளத்து ஆபீசுக்கும் எழுதிப்போட்டார். ஒரு அதிகாரி வந்து விசாரித்தார். யாரும் அடிக்கவில்லை, அவனாகத்தான் நின்றான், ஐயா வந்ததும் போகச் சொல்லிவிட்டார் என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். அதில் பொய் என்று ஒன்றையும் காட்ட முடியவில்லை. அதிகாரி எழுதிக்கொண்டு போனார், அதோடு சரி. அப்புறம்தான் சாமியார் செஞ்சியில் கோயில் இடத்தில் ஒரு குடிசை போட்டுக்கொள்ளச் சொன்னார். ராயம்மாளும் குழந்தையும் எங்களோடுதான் இருக்கிறார்கள். நைனா கோயில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிறார், இருமல் இருக்கிறது, பனங்கற்கண்டு போட்டுக் கொடுக்கிறேன். செஞ்சிக் கடைத்தெருவில் அவரைத் துண்டை எடு என்று சொல்ல யாரும் இல்லை. ஆனாலும் வெள்ளைச் சட்டைக்காரர் யாராவது எதிரே வந்தால் அவர் கை தானாகத் தலைக்குப் போகிறது. பாதியில் நினைவு வந்து, காதைச் சொறிந்துகொள்வதுபோலக் கையை இறக்கிக்கொள்வார். நான் பார்க்காததுபோல இருந்துவிடுவேன். பால்சாமியின் தொப்பியை அவன் கையருகில் பெட்டியிலேயே வைத்துவிட்டோம். குழந்தைக்கு எண்ணெய் வைக்கும்போதுதான் எனக்குக் கஷ்டம். உச்சிக்குழி துடிப்பதைப் பார்த்தால் கை நின்றுவிடும். ராயம்மாள் வந்து என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொள்வாள். தன்னால்தான் அண்ணன் போனான் என்று சில நாள் சாப்பிடாமல் கிடந்தாள், இப்போது பரவாயில்லை. அவளுக்குத் தனியாக இரண்டு வரி எழுது. அவள் மேல் உனக்கு ஒன்றும் இல்லை என்று எழுது.

நீ கோபத்தில் ஏதாவது செய்ய நினைக்காதே. மணியக்காரருக்கு நேராகக் கடிதம் போடாதே. இன்னொரு பிள்ளைக்கும் என்ன ஆகுமோ என்று நினைத்துப் பார்க்க என்னால் முடியாது. கப்பல் ஒழுங்காக ஓடத் தொடங்கியதும் மருமகளை அழைத்துக்கொண்டு வா, வந்தால் நேராகச் செஞ்சிக்கு வா, ஊருக்குள் போக வேண்டாம். கல்லறைக்கு நானே அழைத்துப்போகிறேன். அங்கே கோயிலில் தம்பி பெயரால் ஒரு பூசை கொடு. இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த படம் இருந்தால் அனுப்பு, மருமகள் எப்படி இருக்கிறாள் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், அவள் முழுகாமல் இருந்தால் இந்தக் கடிதத்தை அவளிடம் படிக்காதே, தம்பி காய்ச்சலில் போய்விட்டான் என்று மட்டும் சொல்லி வை. நேரத்துக்குச் சாப்பிடு. ஜெபமாலையை விடாதே.

தேவமாதாவும் சூசையப்பரும் உங்கள் இருவரையும் கைவிடாமல் காக்கட்டும், உங்கள் வீட்டில் குறை ஒன்றும் வராதிருக்கட்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். முடிக்கும் முன்னால் நைனாவிடம், மகனுக்கு நீங்கள் சொல்வதாக என்ன எழுதட்டும் என்று கேட்டேன். தண்ணீர் இறைக்கிற கயிற்றைக் கீழே வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் நான் எழுதியிருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்குப் படிக்கத் தெரியாது. அப்புறம், "அங்க வெயில் ஜாஸ்தியாமே. வெறுந்தலையோட வெளிய போவ வேணாம்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

உன் வரவுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
அம்மா
அமலோற்பவம்